பழைய சர்வரை எதற்கு மாற்றுவது? நெல்லைப் பக்கத்துச் சிறு ஐடி நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மகாராஜ நகர் பக்கம் மாடியில் இரண்டு அறை எடுத்து நடக்கும் மென்பொருள் நிறுவனங்கள் நிறைய உண்டு. பத்துப் பேர், மிஞ்சினால் இருபது பேர். பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் பட்டியல், அரிசி மண்டிக்கு பில்லிங், ஆஸ்பத்திரிக்கு டோக்கன், நகைக்கடைக்குச் சீட்டுக் கணக்கு என்று செய்து கொடுப்பார்கள். வேலை நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த வேலையைத் தாங்கும் சர்வரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. மேசைக்கடியில் ஒரு டவர், அதில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ், பிஎச்பி 7.4 நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் 5.7 டேட்டாபேஸ். பக்கத்தில் இன்னொரு பெட்டியில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. நான்குமே காலாவதியானவை. பிஎச்பி 7.4-க்கு 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கும் அதே மாதம். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30. தனியாகக் காசு கட்டி நீட்டிப்பு வாங்காதவர்களுக்கு, இந்தத் தேதிகளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை எதையும் யாரும் அடைத்துத் தரப்போவதில்லை.

மாற்ற வேண்டும் என்பதில் பெரிய விவாதம் இல்லை. எதற்கு மாறுவது என்பதில்தான் குழப்பம். சொந்தப் பெட்டியா, கிளவுடா? லினக்ஸில் அல்மாவா, உபுண்டுவா? ஒரே பெட்டியில் பல சர்வர்களை ஓட்டித்தரும் விஎம்வேரை என்ன செய்வது? கிடைக்கிற ஒப்பீடுகள் பெரும்பாலும் இருநூறு பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு எழுதப்பட்டவை. அங்கே சர்வருக்கென்று தனிக் குழு இருக்கும். இங்கே பார்த்துக்கொள்வது ஒரே ஒரு பையன். அவனும் நாலு விஷயம் தேறியதும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான். அவன் வளர்ச்சியை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதனால் ஒவ்வொரு தேர்வையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: ராத்திரி பதினோரு மணிக்கு இது விழுந்தால், அன்றைக்கு நம்மிடம் இருக்கும் ஆளால் காலையில் கடை திறப்பதற்குள் எழுப்ப முடியுமா? வேகம், விலை, வசதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெட்டி எங்கே இருக்க வேண்டும்

முதலில் சொந்த ஆபீஸ். கையில் தொட்டுப் பார்க்கலாம், மாத வாடகை கிடையாது, டேட்டா நம்மிடமே இருக்கிறது. இந்த மூன்றையும்தான் எல்லோரும் சொல்வார்கள். வாடகை கிடையாது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண டவர் சர்வர் சராசரியாக 150 வாட் இழுத்தால் மாதம் 108 யூனிட். அந்த அறைக்கு ஒரு டன் ஏசி இரவும் பகலும் வேண்டும். அது நாளைக்கு 10 யூனிட் எடுத்தால் மாதம் 300. ஆக 400 யூனிட்டுக்கு மேல். கமர்ஷியல் மீட்டரில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் மாதம் 4,000 ரூபாய் கரண்டுக்கு மட்டுமே போகிறது. அப்புறம் யூபிஎஸ் பேட்டரி. மூடிய வகை லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு என்று செய்யப்பட்டது. வெப்பம் அதற்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அக்கினி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத மூலையில் பேட்டரியை வைக்கும் நமக்கு இது பெரிய செலவு. ஐப்பசி இடி வேறு. எர்த்திங் சரியில்லாத கட்டடத்தில் ஒரே இடியில் ஸ்விட்ச் போர்ட்டுகள் வரிசையாகச் செத்துப்போவதை நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறை எல்லாம் தண்ணீரில் நின்றன. மாடியில் இருந்த சர்வர் நனையவில்லை என்பது உண்மைதான். ஆனால் கரண்டும் இல்லாமல் இணையமும் இல்லாமல் நனையாத சர்வரால் யாருக்கு என்ன பயன்? தென்காசியிலும் விருதுநகரிலும் மழையில் சிக்காமல் கடை திறந்து வைத்திருக்கும் வாடிக்கையாளர், நெல்லையில் ஆறு பெருகியதற்காக பில் போட முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். இது ஒன்றுக்காகவே, ஊருக்கு வெளியில் உள்ள வாடிக்கையாளர்களின் செயலியை நம் ஆபீஸ் மேசைக்கடியில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது கிளவுட். இந்தியாவுக்குள்ளேயே இடம் தாராளமாக இருக்கிறது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் மும்பையில் 2016-லிருந்தும் ஐதராபாத்தில் 2022-லிருந்தும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் அஸூருக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும், டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரிலும் மையங்கள் உண்டு. இதில் பெரிய மூன்றுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டிஜிட்டல்ஓஷன் மாதிரி இடத்தில் 4 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மெய்நிகர் சர்வர் (பெரிய கணினி ஒன்றில் தனிச் சர்வர்போல ஓடும் பங்கு) மாதம் 24 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்து 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் சுமார் 2,550 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தொகைதான் வரும். பெரிய நிறுவனங்களில் அப்படி இல்லை. டிஸ்க்குக்குத் தனி, வெளியே போகும் டேட்டாவுக்குத் தனி, ஐபி முகவரிக்குத் தனி என்று ஒவ்வொன்றுக்கும் மீட்டர் ஓடும். அவர்கள் தரும் வசதிகள் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. அந்த வசதியில் பாதியைக்கூட நாம் தொடப்போவதில்லை என்றால், பில்லைப் புரிந்துகொள்ளவே ஒரு ஆள் தேவைப்படும் இடத்துக்கு ஏன் போக வேண்டும்? ஏடபிள்யூஎஸ்தான் வேண்டும் என்றால் கணக்குத் திறந்த அன்றே பட்ஜெட் எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள்.

கிளவுடுக்குப் போனால் எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. வெள்ளம் வராத ஊரில் தீ வரும். பேக்கப் வேறு ஊரில், முடிந்தால் வேறு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்ற விதி கிளவுடுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆஸ்பத்திரி டோக்கன், எடைமேடை, பெரிய கடையின் பில் கவுண்டர் மாதிரி, இணையம் அறுந்தாலும் அந்தக் கட்டடத்துக்குள் வேலை நிற்கக் கூடாத இடங்கள். அங்கே வாடிக்கையாளர் இடத்திலேயே ஒரு சின்னப் பெட்டி இருக்க வேண்டும். லைன் வந்ததும் அது கிளவுடோடு கணக்கை ஒத்துக்கொள்ளட்டும். "தம்பி, பில்லு வரமாட்டேங்கு, கடையில ஆளு நிக்கு" என்று அண்ணாச்சி போன் போடும்போது, டேட்டா சென்டர் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, உங்கள் தெருவில் கேபிளை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

ஆக என் தேர்வு இது: வாடிக்கையாளர் செயலிகள் இந்தியாவில் உள்ள நிலையான வாடகைக் கிளவுடில். ஆபீசில் ஒரே ஒரு நல்ல பெட்டி, அது சோதனைக்கும், நிரலை ஓடும் வடிவில் கட்டி எடுக்கும் பில்டுக்கும், இன்னொரு பேக்கப் நகலுக்கும் மட்டும். அது ஒரு வாரம் அணைந்து கிடந்தாலும் யாருடைய கடையும் மூடாது.

எந்த லினக்ஸ்

சென்ட்ஓஎஸ்ஸிலிருந்து வருபவர்களுக்கு ஒரு மனக்கசப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. 2029 வரை வரும் என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8 போட்டவர்களிடம், 2020 டிசம்பரில், அடுத்த வருடக் கடைசியோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸும் ஜூனில் ராக்கி லினக்ஸும் வந்தன. ராக்கியைத் தொடங்கிய கிரெகரி கர்ட்சர் சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். இவை எல்லாம் நகலெடுப்பது ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸை; 2023 ஜூனில் அந்த நிறுவனம் தன் மூலநிரலைத் தரும் வழியை இறுக்கிய பிறகு அல்மாவும் ராக்கியும் கொஞ்சம் பிரிந்தன. ராக்கி, ரெட்ஹேட்டின் பிழைகூட மாறாத நகலாகவே இருக்கப் பார்க்கிறது. அல்மா, ரெட்ஹேட்டில் ஓடும் நிரல் தன்னிடமும் ஓடினால் போதும் என்று வைத்துக்கொண்டு, சில திருத்தங்களைத் தானே முந்தித் தருகிறது. இரண்டின் 9-ஆம் பதிப்புக்கும் 2032 மே வரை ஆதரவு உண்டு.

நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டில் அல்மா மேல் என்பேன். சென்ட்ஓஎஸ் 7-லிருந்து படிப்படியாக ஏற்றிக் கொண்டுபோக எலிவேட் என்ற கருவியை அவர்கள் பராமரிக்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது. ரெட்ஹேட் குடும்பத்தின் 10-ஆம் பதிப்புக்கு ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் தெரிந்த பிராசசர் வேண்டும். இன்டெல்லில் ஹாஸ்வெல் தலைமுறைக்கு முந்தியதென்றால், உதாரணமாக சியான் இ5 வி2 வரிசை, ராக்கி 10 அதில் ஓடாது. அல்மா அப்படிப்பட்ட பெட்டிகளுக்கென்றே தனியாக ஒரு கட்டமைப்பை வெளியிடுகிறது. மேம்படுத்தத் தொடங்கும் முன், பிராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையை ஓட்டி, வரும் பட்டியலில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நொடி வேலை, ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சமாகும்.

இத்தனையும் சொன்னாலும், புதிதாகப் போடும் சர்வர்களுக்கு நான் உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) பக்கம்தான் சாய்கிறேன். முதலில் சொன்ன கேள்விதான் காரணம். நம்மிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் கல்லூரி லேபில் தொட்டுப் பழகியது உபுண்டு. மூத்தவன் வேலையை விட்டுப் போன மறுவாரம் புதியவன் ஏறிப் பார்க்க வேண்டிய சர்வர் அவனுக்குக் கொஞ்சமாவது பழகியதாக இருக்கட்டும். இலவச ஆதரவு 2029 வரை வருகிறது. உபுண்டு ப்ரோ சந்தா இருந்தால் பத்து வருடம். உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் இதைவிட அமைதியானது, எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்ததும் அதுதான்; 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பு நன்றாக இருக்கிறது. உபுண்டு தெரிந்தவனுக்கு டெபியனில் சிரமம் இருக்காது. சென்ட்ஓஎஸ்ஸில் ஏற்கெனவே நிறைய ஸ்கிரிப்ட் எழுதி வைத்து, செலினக்ஸ் பாதுகாப்பு விதிகள் எல்லாம் போட்டு முறையாக நடத்துபவர்கள் அல்மாவிலேயே தொடரட்டும். ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு குடும்பத்தையும் கலந்து வைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

புதியதுதான் நல்லது என்று அவசரப்படவும் வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வர வழி செய்யும் பின்கதவு. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால்தான் பிடிபட்டது. அந்தப் பதிப்புகள் சோதனைக் கிளைகளுக்கு வந்திருந்தனவே தவிர, டெபியனின் நிலையான பதிப்புக்கு வந்து சேரவில்லை. நிலையான பதிப்பைப் போட்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானாக ஏற விட்டு வைப்பவர்களுக்கு அந்த வாரம் வழக்கமான வாரம்தான்.

விண்டோஸ் சர்வரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பழைய பதிப்பில் எழுதிய செயலியும் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸும் இருந்தால் அதைவிட்டு ஓட முடியாது. 2022 அல்லது 2025 பதிப்புக்கு மாறுங்கள். 2016-ல் இருப்பவர்களுக்கு 2027 ஜனவரி 12 வரைதான் கணக்கு, எஸ்க்யூஎல் சர்வர் 2016-க்கு 2026 ஜூலை 14 வரைதான். லைசென்ஸ் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும், பயனர் லைசென்ஸ் தனி. புதிய வேலை எதையும் அதில் தொடங்காதிருப்பது நல்லது.

விஎம்வேருக்குப் பதில்

ஆபீசில் வைக்கும் அந்த ஒரு பெட்டியில் நாலைந்து மெய்நிகர் சர்வர்கள் ஓட வேண்டும். முன்பு இதற்கு எல்லோரும் விஎம்வேரின் இலவச இஎஸ்எக்ஸ்ஐயைப் போடுவார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கும் லைசென்ஸை நிறுத்தியது, 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பையும் நிறுத்தியது, 2025 ஏப்ரலில் மறுபடி கொடுத்தது. இப்படி ஒருவர் மனம்போல வந்து போகும் ஒன்றின் மேல் நம் ஆபீஸ் வேலையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இரண்டு. விண்டோஸ் சர்வரோடு வரும் ஹைப்பர்-வி நல்லதுதான், விண்டோஸ் லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால். ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் சர்வருக்கு உரிமை உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸ் வியன்னாவிலிருந்து வருவது, திறந்த மூலம், டெபியன் மேல் ஓடுகிறது. 9-ஆம் பதிப்பு டெபியன் 13 மேல். சந்தா கட்டாயமில்லை. கட்டினால் பிராசசர் சாக்கெட் கணக்கு, கோர் கணக்கு அல்ல. இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து மெய்நிகர் சர்வர்களை இழுத்துக்கொள்ளும் வசதி 2024-லிருந்து உள்ளேயே இருக்கிறது. அவர்களே தனியாகத் தரும் பேக்கப் சர்வர் ஒரே டேட்டாவை இரண்டு முறை சேமிக்காது, அதனால் இருக்கும் டிஸ்க்கிலேயே பல மாத நகல் நிற்கிறது. நான் ப்ராக்ஸ்மாக்ஸையே சொல்வேன். உபுண்டு, டெபியன் தெரிந்த பையனுக்கு அதன் அடிமட்டமும் புரியும், திரையில் ஏதாவது சிவப்பாக எரிந்தால் உள்ளே இறங்கிப் பார்க்கத் தயங்க மாட்டான்.

டேட்டாபேஸும் பிஎச்பியும்: உண்மையான வேலை இங்கேதான்

சர்வரை மாற்றுவது ஒரு வார வேலை. அதில் ஓடும் நிரலைப் புதிய பதிப்புக்குப் பழக்குவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். கொட்டேஷன் போடும்போது பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்து எங்கே போவது? 8.0 வழியில் ஒரு படிதான், அதன் ஆயுள் 2026 ஏப்ரல் வரை. இலக்கு 8.4 எல்டிஎஸ். 5.7-லிருந்து நேராக 8.4-க்கு அப்படியே ஏற்ற முடியாது, 8.0-ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். காத்திருக்கும் கண்ணிகள் சில எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளி மென்பொருள் எழுதியவர்கள் எல்லோரும் மதிப்பெண் அட்டவணையில் 'ரேங்க்' என்று ஒரு பத்தி வைத்திருப்பார்கள். 8.0-லிருந்து அது ஒதுக்கப்பட்ட சொல். பேக்டிக் (`) குறிக்குள் போடாமல் வெறுமே எழுதிய வினவல்கள் பிழை காட்டி நிற்கும். அடுத்தது, வரிகளைத் தொகுக்கும் 'குரூப் பை' போட்டால் விடை வரிசைப்படியும் வரும் என்பது பழைய பதிப்பின் பழக்கம். 8.0 அதை விட்டுவிட்டது. பிழை எதுவும் வராது, அறிக்கையில் வரிசை மட்டும் கலைந்திருக்கும். வகுப்பு ஆசிரியர் பார்த்துச் சொல்லும் வரை நமக்குத் தெரியாது. மூன்றாவது, கடவுச்சொல் சரிபார்க்கும் முறை மாறியிருக்கிறது. பழைய முறை 8.4-ல் தானாக இயங்காது. வாடிக்கையாளர் கணினியில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் செயலிகள் உள்ளே வர முடியாமல் நிற்கும்.

தமிழில் டேட்டா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய செயலிகளில் அட்டவணை லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறை) என்று இருக்கும், உள்ளே தமிழ் யூடிஎஃப்-8 (யூனிகோட்) பைட்டுகளாகவே கிடக்கும். செயலி போட்டதையே எடுத்துக் காட்டுவதால் திரையில் சரியாகத் தெரியும். அதைச் சாதாரணமாக டம்ப் (டேட்டா முழுவதன் நகல் கோப்பு) எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றினால் மாணவர் பெயர் எல்லாம் புரியாத கிறுக்கலாக மாறிவிடும். டம்ப் எடுக்கும்போதே எழுத்துக்குறியை லத்தீன்1 என்று சொல்லி எடுத்து, அந்தக் கோப்பின் தலையில் யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, அட்டவணை வரையறைகளையும் அப்படியே மாற்றி ஏற்ற வேண்டும். ஏற்றியதும் 'ஸ்ரீ', 'கௌ', 'ஷண்முகம்' மாதிரிப் பெயர்கள் நாலைந்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். எண்ணிக்கை சரியாக வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபிக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், ஆனால் இரண்டும் இப்போது வெவ்வேறு பாதையில் போகின்றன, திரும்பி வருவது கடினம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மிக நல்லது, ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருட ஆதரவு. புதிய திட்டங்களை அதில் தொடங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் டேட்டாபேஸ் வகையையும் சர்வரையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

பிஎச்பியில் 8.3 அல்லது 8.4. முதலாவதற்கு 2027 கடைசி வரை, இரண்டாவதற்கு 2028 கடைசி வரை திருத்தம் வரும். இதில் நான் அருகில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு மதிப்பெண் இடத்தில் 'ஏபி' என்று போடுவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். பிஎச்பி 7.4-ல் மொத்தம் கூட்டும்போது 'ஏபி'யைச் சுழியமாக எடுத்துக்கொண்டு, லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டுப் போய்விடும். பிஎச்பி 8-ல் அதே வரி பிழை எழுப்பி நிற்கும், பக்கம் வெள்ளையாக வரும். அதைவிட மோசம், சுழியத்தோடு ஒப்பிடும் இடங்கள். 7.4-ல் 'ஏபி'யும் சுழியமும் சமம். 8-ல் சமமில்லை. பிழை இல்லாமலேயே கணக்கு வேறு கிளைக்குப் போகும். அதனால் பழைய சர்வரின் லாகில் கிடக்கும் எச்சரிக்கைகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். 'நான் நியூமெரிக்' என்று வரும் ஒவ்வொரு வரியும் நாளைக்குப் பக்கம் நிற்கப்போகும் ஓர் இடம்.

கருவிகள்

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க இன்னும் எஸ்விஎன்னில் இருப்பவர்கள் கிட்டுக்கு வந்துவிடுங்கள், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்லேபைச் சொந்தமாக வைக்க ஆசைப்படுபவர்கள் பலர். அது 8 ஜிபி நினைவகம் கேட்கும் பெரிய சாமான், மாதாமாதம் மேம்படுத்தவும் வேண்டும். பத்துப் பேருக்கு ஃபோர்ஜோ அல்லது கிட்டீ போதும், சின்ன மெய்நிகர் சர்வரில் சத்தமில்லாமல் ஓடும். அதையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கிட்ஹப். 2020 ஏப்ரலிலிருந்து தனியார் களஞ்சியங்களுக்கும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் இலவசமாகத் தருகிறார்கள்.

கண்காணிப்புக்கு ஜாபிக்ஸ் நிறைவானது. அமைக்க ஒரு வாரம் ஒதுக்க முடியாதவர்கள் அப்டைம் கூமாவில் தொடங்கலாம், அரை மணி நேரத்தில் டெலிகிராமுக்கு எச்சரிக்கை வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கண்காணிக்கும் கருவி, கண்காணிக்கப்படும் சர்வரிலேயே இருக்கக் கூடாது.

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், எழுதி வைத்த கோப்புப்படி சர்வரை அமைத்துத் தரும் ஆன்சிபிளுக்கு ஒதுக்குங்கள். சர்வரில் என்னென்ன போட்டோம், எந்த வரியைத் திருத்தினோம் என்பது இன்றைக்கு அந்தப் பையன் தலைக்குள் இருக்கிறது. ஆன்சிபிள் கோப்பாக எழுதி வைத்தால் அது நிறுவனத்திடம் இருக்கும். அவன் சென்னைக்குப் போகும் அன்று நாம் மனதார வாழ்த்தி அனுப்பலாம். செயலியை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொதியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் அழகானதுதான்; ஏற்கெனவே தெரிந்தவர்கள் இருந்தால் பயன்படுத்துங்கள். அப்படிப்பட்ட பொதிகளைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் நம் அளவுக்குத் தேவையே இல்லை.

பேக்கப்பும் சட்டமும்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்திலேயே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பேக்கப் வைத்திருந்தார்கள். ஒன்றும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணி நேரத்துக்கு முந்திய நகலால் பிழைத்தார்கள். அவர்கள் அதை ஒளிக்காமல் உலகத்துக்கே சொன்னது பெரிய குணம். நமக்குக் கிடைக்கும் பாடம், பேக்கப் எடுப்பதைவிட அதை மீட்டுப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது. மீட்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 50 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி இறங்கவே நாலரை மணி நேரம் பிடிக்கும். ராத்திரி பதினொன்றுக்கு விழுந்தது காலை எட்டரைக்குக் கடை திறக்கும்போது எழுந்திருக்குமா என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும். இரவு நேர டம்ப்பை ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் இன்னொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு, குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டுப் போட்டு அனுப்புங்கள். ரேன்சம்வேர்காரன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான்.

சட்டத்தை மறந்துவிடக் கூடாது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி, பாதுகாப்பு மீறல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சர்வர் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். வெறும் 20 ஜிபி டிஸ்க்கில் லாக் வாரத்துக்கு ஒருமுறை அழியும்படி வைத்திருந்தால் இது முடியாது. புதிய சர்வருக்கு டிஸ்க் அளவு முடிவு செய்யும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023-ல், போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராத வரம்பு 250 கோடி ரூபாய் வரை போகிறது. பள்ளிப் பிள்ளைகளின் விவரம் வைத்திருக்கும் நாம், காலாவதியான சர்வரில் அதை வைத்திருந்தோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

எப்போது மாற்றுவது

மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குப் பதினோராம் தேதி, 3பி-க்கு இருபதாம் தேதி. பில்லிங் வாடிக்கையாளர் இருந்தால் அந்தப் பத்து நாளும் சர்வரைத் தொடவே கூடாது. பள்ளிகளுக்கு மார்ச், ஏப்ரல் தேர்வு, மே, ஜூன் சேர்க்கை. ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மழையும். தீபாவளி, பொங்கலுக்கு முன்பு கடைக்காரர்கள் நம்மைப் பேசவே விட மாட்டார்கள். இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது ஜனவரி 21-லிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரையும், ஜூலை, ஆகஸ்டில் இருபதாம் தேதிக்குப் பிறகு வரும் நாட்களும்தான். இரண்டாவதை நான் விரும்புகிறேன். மழைக்கு முன்பு எல்லாம் ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்திருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பேக்கப்பும் மீட்டுப் பார்ப்பதும், பழைய சர்வரிலேயே. அப்புறம் ஆன்சிபிளில் புதிய சர்வர். அதில் பழைய டேட்டாவின் நகலை ஏற்றி, வாடிக்கையாளர் ஒருவரைச் சனிக்கிழமை மதியம் உட்கார வைத்துத் தன் வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நாம் பத்து நாள் சோதித்தும் தெரியாதது அவர் கைக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சின்ன வாடிக்கையாளரை முதலில் மாற்றுங்கள், ஆஸ்பத்திரியைக் கடைசியில். மாற்றும் நாளுக்கு முந்தின தினமே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (தளத்தின் பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடிக்குக் குறைத்து வையுங்கள். பழைய டேட்டாபேஸைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டுத்தான் கடைசி டம்ப்பை எடுக்க வேண்டும்.

பழைய பெட்டியை ஒரு ஜிஎஸ்டி சுற்று முழுதாக முடியும் வரை அணைத்து ஓரமாக வையுங்கள், விற்க வேண்டாம். அப்புறம் டிஸ்க்குகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் முழுதாக மேலெழுதிவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். எஸ்எஸ்டி என்றால் மேலெழுதுவது போதாது, அதற்குள்ளேயே இருக்கும் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பழுதாகி எழுத முடியாமல் போன டிஸ்க்கைத் தட்டுகளின் வழியே டிரில் போட்டுத் துளைத்த பிறகே ஆபீஸை விட்டு வெளியே அனுப்புங்கள்.